எழுந்து போகும் உரிமை: குடும்ப வழக்குகளும் நீதிமன்றத்துக்கு வெளியிலான தீர்வுகளும்



குடும்ப வழக்குகளை நீதிமன்றத்துக்கு வெளியே தீர்ப்பது பற்றிப் பேசுமாறு பணித்திருக்கிறீர்கள். 'வெளியே' என்றதும் நமக்கு ஒரு நிம்மதி வருகிறது. வாய்தா கிடையாது, கூண்டில் ஏற வேண்டியதில்லை, அடுத்தவர் வக்கீல் நம் படுக்கையறையைப் பற்றிக் கேள்வி கேட்க மாட்டார். ஆனால் தமிழ்நாட்டில் நீதிமன்றத்துக்கு வெளியே என்றால் அது ஒரே இடமாக இல்லை. ஊர்ப் பெரியவர் வீட்டுத் திண்ணை, சாதிச் சங்கக் கட்டடம், ஜமாஅத் அலுவலகம், பங்குத்தந்தையின் அறை, அனைத்து மகளிர் காவல் நிலையத்தின் பெஞ்சு, வக்கீல் ஆபீசு, நீதிமன்ற வளாகத்துக்குள்ளேயே இயங்கும் சமரச மையம் எல்லாமே 'வெளியே'தான். எல்லா இடத்திலும் கடைசியில் ஒரு தாளில் கையெழுத்து வாங்குகிறார்கள். எல்லா இடத்திலும் "பேசி முடிச்சாச்சு" என்றுதான் சொல்கிறார்கள்.

இவற்றை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துப் பார்க்க என்னிடம் இருப்பது ஒரே கேள்விதான். பேச்சு நடக்கும்போது, அங்கிருப்பவர்களில் பலம் குறைந்தவர் "எனக்கு இதில் சம்மதம் இல்லை" என்று எழுந்து போனால் அவருக்கு என்ன ஆகும்? ஒன்றும் ஆகாது, அவர் வழக்கு இருந்த இடத்திலேயே இருக்கும் என்றால் அங்கே நடப்பது சமரசம். ஏதாவது ஆகும் என்றால், அந்த 'ஏதாவது' என்ன என்று விசாரித்துவிட்டுத்தான் மேலே பேச வேண்டும்.

குடும்பச் சண்டையைச் சொத்து வழக்கைப்போல நடத்தக் கூடாது என்ற எண்ணம் பழையது. சென்னையில் 1937-இல் ஆந்திர மகிளா சபாவைத் தொடங்கிய துர்காபாய் தேஷ்முக், 1953-இல் சீனப் பயணத்தின்போது அங்கிருந்த குடும்ப நீதிமன்றங்களைப் பார்த்தார். திரும்பி வந்ததும் நீதிபதிகளுடன் கலந்து பேசி, நம் நாட்டுக்கும் அவை வேண்டும் என்று பிரதமர் நேருவிடம் யோசனை வைத்தார். அது சட்டமாக 31 ஆண்டுகள் ஆயின. 1984-ஆம் ஆண்டின் குடும்ப நீதிமன்றங்கள் சட்டத்தின் 9-ஆம் பிரிவு, முதலில் சமாதானத்துக்கு முயல வேண்டியது நீதிமன்றத்தின் கடமை என்கிறது. 13-ஆம் பிரிவு, வக்கீல் வைத்துக்கொள்வது கட்சிக்காரரின் உரிமை இல்லை என்கிறது. நீதிமன்றம் அனுமதித்தால்தான் உண்டு. கனவு நல்ல கனவுதான். நடைமுறையில், வக்கீல் இல்லாத குடும்ப நல நீதிமன்றத்தை நான் பார்த்ததில்லை. ஆலோசகரின் அறைக்குப் போய்வருவது பலருக்கு இன்னொரு வாய்தாவாக மாறிவிட்டது. அலுத்துப்போன மக்கள் வேறு கதவுகளைத் தட்டுகிறார்கள் என்றால் அவர்களை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை.

அந்தக் கதவுகளில் மிகப் பழையது ஊர்ப் பஞ்சாயத்து. "அத்து விடுவது" என்ற வழக்கம் நம் ஊர்களில் பல சமூகங்களில் இருந்தது, இன்னும் இருக்கிறது. பெரியவர்கள் கூடுவார்கள், சீர் வரிசையைத் திருப்பித் தருவார்கள், இருவரும் மறுமணம் செய்துகொள்வார்கள். 1955-ஆம் ஆண்டின் இந்துத் திருமணச் சட்டம் இதை ஒழிக்கவில்லை என்பது இங்கே பலருக்கு வியப்பாக இருக்கலாம். வழக்காற்றின்படி கிடைக்கும் மணமுறிவை அந்தச் சட்டத்தின் 29-ஆம் பிரிவு அப்படியே காப்பாற்றித்தான் வைத்திருக்கிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அப்படியொரு வழக்கம் தங்கள் சமூகத்தில் தொன்றுதொட்டு, இடைவிடாமல் இருந்துவருகிறது என்பதை, கேட்கும் இடத்தில் நிரூபிக்க வேண்டும்.

நடப்பது என்ன? வழக்கம் இருக்கிறதோ இல்லையோ, முத்திரைத்தாள் வாங்கி, "இன்று முதல் நீ யாரோ நான் யாரோ" என்ற பொருள்பட எழுதி, இரு பக்கமும் சாட்சிக் கையெழுத்து வைத்து, நோட்டரி முத்திரையும் குத்திவிடுகிறார்கள். நோட்டரி முத்திரை விழுந்ததும் அது அரசாங்கமே தந்த விவாகரத்து என்று நினைத்துக்கொள்கிறார்கள். கணவன் இரண்டாம் கல்யாணம் செய்கிறான், பெண்ணும் செய்துகொள்கிறாள். பதினைந்து ஆண்டு கழித்து அவன் இறக்கிறான். குடும்ப ஓய்வூதியம் கேட்டு யார் போவது? முதல் மனைவியின் பெயர் பணிப் பதிவேட்டில் இருக்கிறது, இரண்டாம் மனைவியிடம் பிள்ளைகள் இருக்கிறார்கள், முத்திரைத்தாள் பீரோவில் இருக்கிறது. இவர்கள் எல்லோரும் அப்போதுதான் முதன்முறையாக நீதிமன்றத்துக்கு வருகிறார்கள். 1967-இல் இந்துத் திருமணச் சட்டத்தில் 7-ஏ பிரிவைச் சேர்த்து, ஐயரும் ஹோமமும் இல்லாமல் உறவினர் நண்பர் முன்னிலையில் மாலை மாற்றினாலே திருமணம் செல்லும் என்று ஆக்கிய மாநிலம் நம்முடையது. கட்டுவதற்கு இருக்கும் அந்தச் சுதந்திரம் அவிழ்ப்பதற்கு இல்லை. இதை ஊர் ஊராகச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அந்தத் திண்ணையில் என் கேள்வியைக் கேட்டுப்பாருங்கள். எழுந்து போனால் ஊர் விலக்கு, கோயில் வரியை வாங்க மறுப்பது, தங்கைக்கு வரன் வராமல் போவது. சாதி மாறிக் கட்டிக்கொண்டவர்களாக இருந்தால் உயிருக்கே ஆபத்து. 2011-இல் உச்ச நீதிமன்றம், தமிழ்நாட்டிலிருந்து போன ஒரு வழக்கில், கட்டப் பஞ்சாயத்து சட்டவிரோதமானது, அதை ஒழித்தே ஆக வேண்டும் என்று பெயர் சொல்லியே கண்டித்தது. அந்தத் தீர்ப்பு வந்து இத்தனை ஆண்டாகியும் திண்ணைகள் காலியாகவில்லை.

அடுத்த கதவு காவல் நிலையம். 1992-இல் சென்னை ஆயிரம் விளக்கில் முதல் அனைத்து மகளிர் காவல் நிலையம் திறக்கப்பட்டது. பெண் ஒருத்தி தயங்காமல் உள்ளே நுழைந்து புகார் தர ஓர் இடம் வேண்டும் என்பது நோக்கம். இன்று அங்கே நடக்கும் வேலையில் பெரும்பகுதி 'பெட்டிஷன் விசாரணை'. புகாரை வாங்கிக்கொண்டு சி.எஸ்.ஆர். ரசீது தருவார்கள், எதிர்த்தரப்பை வரச்சொல்வார்கள், இன்ஸ்பெக்டர் அம்மா இரண்டு பக்கத்தையும் உட்காரவைத்துப் பேசுவார். சட்டம் இதற்கு இடம் தராமல் இல்லை. எஃப்.ஐ.ஆர். பதிவது கட்டாயம் என்று 2013-இல் சொன்ன உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வே, குடும்பத் தகராறுகளில் பூர்வாங்க விசாரணை நடத்தலாம் என்று விலக்கும் தந்தது. பல இன்ஸ்பெக்டர்கள் பொறுமையாக, அக்கறையோடு பேசுவதை நான் பார்த்திருக்கிறேன். எட்டு பவுன் நகையைக் கணவனைத் திருப்பிக் கொடுக்க வைக்க, சிவில் கோர்ட்டுக்கு ஆகும் காலத்தில் நூறில் ஒரு பங்குகூட அவர்களுக்கு ஆகாது.

ஆனாலும் அது காவல் நிலையம். அங்கே உட்கார்ந்திருக்கும் ஆணுக்கு, "ஒத்துக்கலைன்னா உள்ளே தள்ளிடுவாங்க" என்ற பயம். பெண்ணுக்கு, "இவங்க சொன்னதைக் கேக்கலைன்னா அடுத்த தடவை புகாரை வாங்க மாட்டாங்க" என்ற பயம். அடிபட்டு வந்தவளிடம் "கொழந்தைக்காகப் பொறுத்துப் போம்மா" என்று சொல்லி, கணவனிடம் "இனிமேல் அடிக்க மாட்டேன்" என்று எழுதி வாங்கி அனுப்பிவைக்கும் தாளுக்கு என்ன மதிப்பு? அதை மீறினால் என்ன தண்டனை? ஒன்றுமில்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டத்தை ஒட்டி வந்த 2006 விதிகள் இந்த இடத்தில் மிகத் தெளிவாக இருக்கின்றன. அந்த விதிகளில் நான் மிகவும் மதிப்பது ஒன்றுண்டு: ஆலோசனையின்போது, அடித்ததற்கு நியாயம் கற்பித்துப் பேச எதிர்மனுதாரருக்கு அனுமதி கிடையாது. "அவ வாய் சும்மா இருந்தா நான் ஏன் கை நீட்டப்போறேன்" என்ற வாக்கியத்துக்கு அந்த அறையில் இடமில்லை. நம் வீடுகளிலும் காவல் நிலையங்களிலும் பேச்சு தொடங்குவதே அந்த வாக்கியத்தில்தான்.

ஜமாஅத்துகளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆண்கள் மட்டுமே அமர்ந்து பெண்ணின் வாழ்க்கையை முடிவு செய்வதை எதிர்த்துப் புதுக்கோட்டையில் ஷரீஃபா கானமும் அவரோடு நின்ற பெண்களும் பெண்கள் ஜமாஅத்தை உருவாக்கினார்கள்; தீபா தன்ராஜ் 2011-இல் அதைப் பற்றி ஓர் ஆவணப்படமே எடுத்தார். வழக்கமான ஜமாஅத்தில் பெண்ணின் சார்பில் தந்தையோ அண்ணனோ பேசுவார். இங்கே அவளே பேசினாள். எனக்குப் பெரிய மாற்றமாகப் பட்டது இதுதான். முன்னாள் சட்டமன்ற உறுப்பினர் பதர் சயீத் தொடுத்த வழக்கில் 2017-இல் சென்னை உயர் நீதிமன்றம், தலாக் பற்றிக் காஜிகள் தரும் சான்றிதழ் வெறும் கருத்துத்தான், சட்டப்படி செல்லாது என்றது. 2023-இல் அதே நீதிமன்றம், குலா, அதாவது மனைவி கேட்டுப் பெறும் மணமுறிவை, பெற விரும்பும் பெண் குடும்ப நல நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும், தனியார் அமைப்புகள் அதற்குச் சான்றிதழ் தர முடியாது என்றது. பேசிவைப்பது யாராகவும் இருக்கலாம், திருமண உறவை முடித்துவைக்கும் அதிகாரம் தனியார் கையில் இருக்கக் கூடாது என்பது இவற்றின் சாரம். முத்திரைத்தாளுக்குச் சொன்னதேதான் இங்கேயும்.

சமரச மையத்துக்கு வருவோம். இதில் தமிழ்நாட்டுக்குப் பெருமைப்பட ஒரு கதை இருக்கிறது, கொஞ்சம் வேடிக்கையான கதை. சிவில் நடைமுறைச் சட்டத்தில் 89-ஆம் பிரிவு 2002 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. வழக்கை நீதிமன்றம் சமரசத்துக்கு அனுப்பலாம் என்பது அந்தப் பிரிவு. அது இடம்பெற்ற திருத்தச் சட்டங்களை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர்கள் சேலம் வழக்கறிஞர் சங்கத்தார். வழக்கில் திருத்தம் நிலைத்தது. அதோடு நிற்காமல், நீதியரசர் ஜகந்நாத ராவ் தலைமையில் ஒரு குழு அமைந்து, சமரசத்துக்கான மாதிரி விதிகளும் உருவாகின. எதிர்த்துப் போனவர்களின் பெயரிலேயே இன்றைக்குச் சமரசத்தின் அடிப்படைத் தீர்ப்பு அழைக்கப்படுகிறது. 2005 ஏப்ரல் 9 அன்று சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் சமரச மையம் தொடங்கியது. நீதிமன்றத்தோடு இணைந்த மையம் என்ற வகையில் நாட்டிலேயே அதுதான் முதல். மூத்த வழக்கறிஞர் ஸ்ரீராம் பஞ்சுவின் உழைப்பு அதில் பெரிது. இப்போது மாவட்ட நீதிமன்றங்களிலும் மையங்கள் இருக்கின்றன. நீதிமன்றம் அனுப்பும் வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.

அந்த அறையில் நடப்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் அதைப் 'பெரியவங்க புத்தி சொல்ற இடம்' என்று நினைக்கிறார்கள். சமரசர் புத்தி சொல்லக் கூடாது. யார் பக்கம் நியாயம் என்று சொல்லவும் கூடாது. முதலில் இருவரையும் சேர்த்து உட்காரவைத்து விதிகளைச் சொல்வார்: இங்கே பேசுவது வெளியே போகாது, நீதிபதிக்கும் போகாது, முடிவு எட்டினால் முடிவு போகும், எட்டாவிட்டால் 'எட்டவில்லை' என்ற ஒரு வரி மட்டும் போகும். யாரால் எட்டவில்லை என்றுகூட எழுதக் கூடாது. பிறகு தனித்தனியாகப் பேசுவார். விஷயம் திறப்பது பெரும்பாலும் இந்தத் தனிப் பேச்சில்தான். மனுவில் கொடுமை, கள்ளத் தொடர்பு, வரதட்சணை என்று இருபது பக்கம் இருக்கும். தனியே கேட்டால், "எங்கப்பா ஆஸ்பத்திரியில கெடந்தப்போ அவரு ஒரு தடவைகூட வந்து பாக்கலைங்க" என்று வரும். சேர்ந்து வாழ்வார்களா, பிரிவார்களா என்பது எப்படியாகிலும், பேச்சு அந்த இடத்திலிருந்துதான் நகரும்.

சேர்த்துவைத்தால் வெற்றி, பிரித்துவைத்தால் தோல்வி என்று கணக்குப் பார்க்கும் பழக்கம் நம் சமரசர்கள் சிலரிடமும் இருக்கிறது. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கௌரவமாகப் பிரிந்து, பிள்ளையின் பள்ளி விழாவில் ஒரே வரிசையில் உட்கார முடிகிற இருவரை உருவாக்குவதும் அந்த அறையின் வேலைதான்.

பிரிவதென்று முடிவானால் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. இந்துத் திருமணச் சட்டத்தில் 1976-இல் சேர்க்கப்பட்ட 13-பி பிரிவின்படி, ஓராண்டு பிரிந்து வாழ்ந்தவர்கள் சேர்ந்து மனுக் கொடுக்கலாம். ஆறு மாதம் காத்திருந்து மறுபடி வந்து உறுதி சொல்ல வேண்டும். கடைசி உத்தரவு வரும்வரை எவரும் சம்மதத்தைத் திரும்பப் பெறலாம் என்று 1991-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. எழுந்து போகும் உரிமையைச் சட்டம் கடைசி நிமிடம்வரை திறந்து வைத்திருப்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியவில்லை. 2017-இல் அந்த ஆறு மாதத்தைத் தகுந்த வழக்குகளில் தள்ளுபடி செய்யலாம் என்று தீர்ப்பு வந்தது. நெடுங்காலம் பிரிந்திருந்து, ஜீவனாம்சம், குழந்தை எல்லாம் பேசி முடித்தவர்களுக்கு அது பெரிய நிம்மதி. ஆனால் இப்போது எல்லா மனுவோடும் தள்ளுபடி மனுவும் சேர்ந்தே வருகிறது. எழுதிய மை காயும் முன் இரண்டாம் கையெழுத்தும் கேட்கிறார்கள். எனக்கு அதில் கொஞ்சம் உறுத்தல் உண்டு.

இன்னொரு உறுத்தல் பணம். சமரச மேசையில் "எனக்கு மாசம் இருபதாயிரம்தான் சார் வருது" என்று கணவன் சொன்னால், அதைச் சோதிக்கச் சமரசருக்கு அதிகாரம் இல்லை. கோர்ட்டில் இருக்கிறது. 2020-இல் உச்ச நீதிமன்றம், ஜீவனாம்ச வழக்குகளில் இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்று ஆணையிட்டது. ஆகவே இளம் வழக்கறிஞர்களுக்கு என் யோசனை: அந்தப் பத்திரம் தாக்கலான பிறகு சமரசத்துக்குப் போங்கள். கணக்குத் தெரியாமல் ஒத்துக்கொள்ளும் தொகைக்குச் சமாதானம் என்று பெயர் வைக்க முடியாது. பிறகு, தொகையைத் தவணையாகப் பிரித்து, ஒவ்வொரு தவணையையும் ஒரு நடவடிக்கையோடு கட்டுங்கள்: முதல் மனுவன்று இவ்வளவு, நகைப் பட்டியல் சரிபார்த்த அன்று இவ்வளவு, இறுதி உத்தரவன்று மீதி. மனைவி தன் உரிமையை விட்டுக்கொடுக்கிறேன் என்று எழுதினாலும், குழந்தையின் ஜீவனாம்சத்தை விட்டுக்கொடுக்க அவளுக்கு உரிமையில்லை. அது குழந்தையுடையது.

குழந்தை விஷயத்தில் ரகசியக் காப்பும் வேறு மாதிரி. 2019-இல் ஒரு குழந்தைப் பொறுப்பு வழக்கில், சமரசத்தின் போக்கில் ஆலோசகர் குழந்தையோடு பேசித் தந்த அறிக்கையை நீதிமன்றம் பார்க்கலாமா என்ற கேள்வி வந்தது. பார்க்கலாம் என்றது உச்ச நீதிமன்றம். பெரியவர்கள் பேரம் பேசுவதற்குத்தான் அந்த ரகசியத் திரை. குழந்தையின் நலனை நேரடியாகக் காக்க வேண்டிய கடமை நீதிமன்றத்துக்கு இருக்கும்போது அது தடையாக நிற்க முடியாது.

2023-இல் சமரசத்துக்கென்றே தனிச் சட்டம் வந்தது. வழக்குப் போடும் முன்பே சமரசத்துக்குப் போகலாம், 120 நாளில் முடிக்க வேண்டும், இருவரும் ஒப்பினால் மேலும் 60 நாள், எட்டிய உடன்பாடு நீதிமன்றத் தீர்ப்பைப்போலவே செல்லும் என்பன அதன் முக்கிய அம்சங்கள். அந்த ஆண்டு அக்டோபரில் சில பிரிவுகள் மட்டுமே முதலில் நடைமுறைக்கு வந்தன. கட்டாயம் என்று மசோதாவில் இருந்த முன்சமரசம் விருப்பம் என்று மாறியது எனக்கு மகிழ்ச்சி. அதற்குக் காரணத்தை இனி நான் சொல்ல வேண்டியதில்லை.

கடைசியாகப் பாகப்பிரிவினை. குடும்ப வழக்கு என்றால் கணவன் மனைவி வழக்கு மட்டும்தான் என்று நாம் நினைக்கிறோம். தமிழ்நாட்டில் அண்ணன் தங்கை வழக்குகளும் நீதிமன்றத்துக்கு வெளியே தீர்க்கப்படுகின்றன. நம் மாநிலம் 1989-லேயே, திருமணமாகாத மகளுக்குப் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான பங்கு தந்தது. 2005-இல் மத்தியச் சட்டமும், 2020-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் திருமணமான மகள்களையும் சேர்த்துச் சந்தேகத்துக்கு இடமின்றி ஆக்கின. சட்டம் தந்ததைச் சார்பதிவாளர் அலுவலக வாசலில் விடுதலைப் பத்திரம் திரும்ப வாங்கிக்கொள்கிறது. ஒரு பட்டுப்புடவை, ஐந்து பவுன், "நாளைக்கு உனக்கு ஒண்ணுன்னா அண்ணன்தானே ஓடி வரணும்" என்ற ஒரு வார்த்தை. வெள்ளைத் தாளில் கூர்ச்சீட்டு எழுதி, முப்பது ஆண்டுக்கு முன்பே வாய்மொழியாகப் பிரித்துவிட்டோம் என்று சொல்லும் வழியும் உண்டு. 2020 தீர்ப்பு அதை அத்தனை எளிதில் நம்ப முடியாது என்று சொல்லிவிட்டது. குடும்ப ஏற்பாடு செல்ல வேண்டுமானால் அது வற்புறுத்தலோ ஏமாற்றோ இல்லாமல் மனமுவந்து செய்ததாக இருக்க வேண்டும் என்று 1976-லேயே உச்ச நீதிமன்றம் இலக்கணம் வகுத்திருக்கிறது.

இங்கேதான் என் கேள்வி சிக்கலாகிறது. தங்கை எழுந்து போனால் அவளுக்கு என்ன ஆகும்? யாரும் அடிக்கப் போவதில்லை, ஊர் விலக்கப் போவதில்லை. தாய்மாமன் சீர் நிற்கும், தீபாவளிக்கு யாரும் கூப்பிட மாட்டார்கள், அம்மா போனில் அழுவாள். எந்தச் சட்டப் பிரிவிலும் இதற்குப் பரிகாரம் இல்லை. சமரச அறையில் சமரசர்களாகிய நாங்கள் செய்யக்கூடியது சிறிதுதான். அண்ணனும் அவள் கணவனும் இல்லாமல் அவளிடம் தனியே பேசுகிறோம். கணவனும் இல்லாமல் என்பதை அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பங்கைக் கேள் என்று தூண்டும் வற்புறுத்தலும் வற்புறுத்தல்தான். சொத்தின் இன்றைய மதிப்பை எண்ணாகச் சொல்கிறோம். அந்த எண் தெரிந்த பிறகும், பிறந்த வீடுதான் வேண்டும் என்று விட்டுக்கொடுப்பவர்கள் உண்டு, அது அவர்கள் உரிமை. வரைவை அன்றே கையெழுத்துப் போடச் சொல்லாமல் வீட்டுக்கு எடுத்துப்போய்ப் படித்துவிட்டு அடுத்த வாரம் வரச் சொல்கிறோம். "ஒரு வாரம் குடுத்தா யாராவது மனசைக் கலைச்சிடுவாங்க சார்" என்று அண்ணன்மார்கள் பதறுவார்கள். ஒரு வாரத்தில் கலையக்கூடிய சம்மதத்தை இன்று பதிவு செய்தால், அது வழக்காக மாறி அவர் பிள்ளைகள் தலையில் விடியும் என்று விளக்கினால் பலர் ஒத்துக்கொள்கிறார்கள். எல்லோரும் இல்லை.

கேள்விகளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கியிருப்பதாக அவைத் தலைவர் சொன்னார். மக்கள் நீதிமன்றம் பற்றியும், வெளிநாட்டில் இருக்கும் கணவன் வீடியோ வழியாகச் சமரசத்தில் கலந்துகொள்வது பற்றியும் நேரமில்லாமல் விட்டுவிட்டேன். மாணவர்கள் அவற்றிலிருந்தே தொடங்கலாம்.